மொபைல் ஆப்புக்குள்ள பட சர்ச் வைக்கிறது: கோடு தொட முதல் தெரிஞ்சிருக்க வேண்டியது

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பக்கம், பொகவந்தலாவைல ஒரு புள்ளக்காம்பரா (தோட்டத்துச் சின்னப் புள்ளைங்களைப் பாத்துக்குற இடம்) டீச்சர் உங்ககிட்ட ஒரு ஆப் கேட்குறாங்கன்னு வைங்க. சின்னப் புள்ளைங்களுக்கு சொல்லு படிச்சுக் குடுக்கத்தான், "யானை"ன்னு டைப் பண்ணா யானைப் படம் நாலஞ்சு வரணும், "கடல்"னு அடிச்சா கடல் வரணும் (கடலை நேர்ல பாக்காத புள்ளைங்க நம்ம தோட்டங்கள்ல நிறையவே இருக்கு, அதனால படம் முக்கியம்), ஆண்ட்ராய்ட் போன்லயும் ஓடணும், யாரோ ஒருத்தர்கிட்ட ஐபோன் இருந்தா அதுலயும் ஓடணும். கேட்க சின்ன வேலை மாதிரித்தான் இருக்கும். கொஞ்சம் கோடிங் தெரிஞ்ச ஆளுன்னா உடனே "கூகுள் இமேஜை அப்படியே உள்ள வெச்சிடலாம் டீச்சர்"னு சொல்லிடுவாங்க, குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது.

ஏன்னா பட சர்ச்ங்குறது உள்ள தூக்கி வைக்கிற சாமான் இல்ல. கூகுள் இமேஜஸ் வந்த கதையைப் பாருங்க: 2000ல கிராமி விருது விழாவுக்கு ஜெனிஃபர் லோப்பஸ் போட்டுட்டு வந்த பச்சை கவுனைப் பாக்க உலகமே தேடுச்சு, ஆனா கூகுள்ல அப்ப எழுத்து லிங்க் மட்டும்தான் வந்துச்சு, படம் காட்ட வழியில்ல. அடுத்த வருஷம் 2001 ஜூலைல இமேஜ் சர்ச்சை விட்டாங்க, ஆரம்பத்துலயே 25 கோடி படத்தோட இன்டெக்ஸ். இந்த இன்டெக்ஸ்தான் விஷயமே. எந்தப் படம் எந்தப் பக்கத்துல இருக்கு, பக்கத்துல என்ன எழுதியிருக்கு, படத்தோட ஃபைல் பேர் என்னன்னு ஒரு ரோபோ ப்ரோக்ராம் வெப் பூரா சுத்தி எழுதி வெச்ச பெரிய பதிவு அது. அதை நம்ம 2 ஜிபி ரேம் போன்ல வைக்கவும் முடியாது, வைக்கத் தேவையும் இல்ல. நம்ம ஆப் தேடுறதே கிடையாது, தேடி வெச்சிருக்குறவங்ககிட்ட கேட்குது, அவ்வளவுதான்.

கேட்குற வழிக்குப் பேரு ஏபிஐ. சின்னப் பயல்கிட்ட துண்டு எழுதிக் குடுத்து கடைக்கு அனுப்புறோம்ல, என்ன சாமான், எத்தனை, யாரு கணக்குலன்னு, அதே மாதிரி ஒரு யூஆர்எல்லுக்குள்ள (வெப் விலாசம்) என்ன சொல்லு, எத்தனை படம், எத்தனாவதுல இருந்து வேணும், யாரோட சாவின்னு (கேட்குறது யாருன்னு கண்டுபிடிக்க அவங்க உங்களுக்குத் தர்ற ரகசிய எழுத்து) எழுதி அனுப்புறோம். திரும்பி வர்றது ஜேசன்னு சொல்ற ஒரு எழுத்துக் கட்டு. புதுசா பழகுற ஆட்கள் நிறையப் பேரு இங்கதான் தடுக்கி விழுறாங்க: அந்தக் கட்டுக்குள்ள படமே இருக்காது, படத்தோட விலாசம் மட்டும்தான் இருக்கும். பெரிய படம் எங்க இருக்கு, சின்னப் படம் எங்க இருக்கு, அகலம் உயரம் எவ்வளவு, யாரு எடுத்தது, இப்படி. அந்த விலாசத்தை எடுத்துட்டுப் போய் படத்தை இறக்குறது வேற வேலை, அதுக்கு வேற டேட்டா செலவு, அது வேற காரணத்துக்காகவும் தவறிப் போகலாம். இந்த ஒண்ணு மண்டைல ஏறிடுச்சுன்னா மிச்சமெல்லாம் தானா விளங்கும்.

ரெண்டு வகை போனுக்கும் ஒரே கோடு எழுத ஃப்ளட்டர் இருக்கு, ரியாக்ட் நேட்டிவ் இருக்கு. ஒண்ணு கூகுளோடது, டார்ட் மொழி, முதல் ஸ்டேபிள் வெர்ஷன் 2018 டிசம்பர்ல வந்துச்சு. மத்தது பேஸ்புக் 2015ல வெளியில விட்டது, ஜாவாஸ்கிரிப்ட். எது நல்லதுன்னு சண்டை போட நேரமில்ல, வெப்சைட் வேலை தெரிஞ்சவங்க ரியாக்ட் நேட்டிவ் எடுங்க, புதுசா தொடங்குறவங்க ஃப்ளட்டர் எடுங்க, பட சர்ச்சோட அடிப்படை ரெண்டுலயும் ஒண்ணுதான். நான் கீழ ஃப்ளட்டரை வெச்சே சொல்றேன். ஒரே கோடுன்னாலும் ஐபோனுக்கு பில்ட் பண்ண எக்ஸ்கோட்ங்குற ஆப்பிளோட சாஃப்ட்வேர் வேணும், எக்ஸ்கோட் மேக் கொம்பியூட்டர்ல மட்டும்தான் ஓடும், அதனால முதல்ல ஆண்ட்ராய்டை முடிங்க, மேக் வெச்சிருக்குற ஒருத்தரை பிறகு தேடிக்கலாம்.

சரி, யாருகிட்ட கேட்குறது? பழைய டுடோரியல் பாத்தீங்கன்னா எல்லாம் கூகுள், பிங்னுதான் சொல்லும். கூகுள் பழைய இமேஜ் சர்ச் ஏபிஐயை 2011லயே கைவிடுறதா அறிவிச்சிடுச்சு, பிறகு வந்த கஸ்டம் சர்ச்ல இலவசமா ஒரு நாளைக்கு 100 கேள்வி, ஒரு கேள்விக்கு 10 படம்னுதான் கணக்கு இருந்துச்சு. பிங் சர்ச் ஏபிஐயை மைக்ரோசாஃப்ட் 2025 ஆகஸ்ட் 11ஆம் தேதி மூடியே விட்டுடுச்சு, அதை நம்பிக் கட்டின ஆப்பெல்லாம் அன்னையோட படுத்துடுச்சு. அதனால ஏபிஐயைக் கூப்பிடுற கோடை ஆப் பூரா தெளிச்சு விடாம ஒரே ஃபைல்ல வைங்க, நாளைக்கு இடம் மாத்தணும்னா அந்த ஒரு ஃபைலை மாத்தினாப் போதும்.

ஃபோட்டோ சைட்டுகள் இருக்கு, அழகான படம் தரும், ஆனா சட்டம் ஆளுக்கு ஒண்ணு. அன்ஸ்ப்ளாஷ்ல சோதனைச் சாவிக்கு மணிக்கு 50 கேள்வி, படத்தை அவங்க விலாசத்துல இருந்தே காட்டணும்னு கட்டாயம். பிக்ஸாபேல நேர் மாறா, சர்ச் ரிசல்ட்டை அப்போதைக்கு காட்டலாம், ஆனா அவங்க விலாசத்தையே நிரந்தரமா போட்டு வைக்கக்கூடாது, இறக்கி உங்க இடத்துல வைக்கணும், பதிலை 24 மணி நேரம் கேஷ் பண்ணியும் (தற்காலிகமா சேமிச்சு) வைக்கணும். பெக்செல்ஸ்ல மணிக்கு 200. இந்த அளவெல்லாம் ஒரு போனுக்கு இல்ல, உங்க சாவிக்கு, அதாவது ஆப்பை வெச்சிருக்குற எல்லாருக்கும் சேர்த்து. ஹட்டன்ல ஒரு டீச்சர், கொட்டகலைல ஒருத்தர், மஸ்கெலியால ஒருத்தர்னு ஒரே காலைல ஆளுக்கு இருபது சொல்லு அடிச்சாங்கன்னா 60 கேள்வி, அன்ஸ்ப்ளாஷ் மணிக்கணக்கு அங்கயே முடிஞ்சிடும்.

பழகுறவங்களுக்கு நான் சொல்றது விக்கிமீடியா காமன்ஸ். 2004ல தொடங்கினது, 10 கோடிக்கு மேல ஃபைல் இருக்கு, சாவி வேணாம், காசு கட்ட வேணாம். கேள்வி அனுப்புறப்ப யூசர் ஏஜென்ட்னு ஒரு வரில உங்க ஆப் பேரையும் தொடர்பு கொள்ள ஒரு ஈமெயிலையும் போடணும், அது மரியாதை மட்டும் இல்ல அவங்க விதியும், பேரில்லாம போனா சில நேரம் அடைச்சிடுவாங்க. கேள்விக்குள்ள எழுத வேண்டியது: சர்ச் பண்ணு, ஃபைல் இருக்குற பகுதில மட்டும் பாரு (அந்தப் பகுதிக்கு நம்பர் 6), ஒவ்வொண்ணுக்கும் விலாசமும் உரிம விவரமும் தா, 330 பிக்சல் அகலத்துல சின்னப் படத்தோட விலாசமும் சேர்த்துத் தா. அதோட சர்ச் சொல்லுக்கு முன்னாடி ஃபைல்டைப் பிட்மேப்னு (சாதாரணப் பட ஃபைல் மட்டும்னு அர்த்தம்) ஒரு வடிகட்டி போடுங்க, இல்லாட்டி யானைன்னு தேடுனா யானையைப் பத்தின பிடிஎஃப் புத்தகமும் சத்த ஃபைலும் நடுவுல வந்து நிக்கும்.

பதில் வந்ததும் ரெண்டு மூணு விஷயம் வித்தியாசமா இருக்கும். படங்கள் வரிசையா லிஸ்ட்டா வராது, மேப்னு சொல்ற அமைப்பா வரும், ஒவ்வொரு பக்கத்தோட ஐடி நம்பர் தலைப்பு, அதுக்குக் கீழ அந்தப் படத்தோட விவரம், அப்படியே எடுத்துக் காட்டுனீங்கன்னா நல்ல படம் அடியிலயும் சம்பந்தமில்லாதது மேலயும் போயிடும். ஒவ்வொண்ணுக்குள்ளயும் இன்டெக்ஸ்னு ஒரு எண் இருக்கும், அதை வெச்சு நீங்கதான் அடுக்கணும். ஒண்ணுமே கிடைக்கலன்னா காலி லிஸ்ட் வரும்னு எதிர்பார்க்காதீங்க, குவெரிங்குற பகுதியே வராது, அதைப் பாக்காம கோடு எழுதினா ஆப் அங்கயே உடைஞ்சு நிக்கும். எடுத்தவர் பேரு இருக்குற இடத்துல வெறும் பேரு இருக்காது, எச்டிஎம்எல் டேக்கெல்லாம் சேர்ந்து வரும், அதைக் கழுவிட்டுத்தான் காட்டணும். அடுத்த பக்கம் வேணும்னா பதில்ல கன்டினியூன்னு ஒரு துண்டு இருக்கும், அதை அப்படியே அடுத்த கேள்வில ஒட்டி அனுப்பினாப் போதும்.

தமிழ்ல தேடுறது தனிக் கதை. யூஆர்எல்லுக்குள்ள தமிழ் எழுத்து நேரா போகாது, பைட்டா உடைஞ்சு சதவீதக் குறியோட போகும். "தேயிலை"ங்குற சொல்லுல கொம்பு, விசிறி எல்லாம் சேர்த்து 6 குறியீடு, ஒவ்வொண்ணும் யூடிஎஃப் எட்டுல (எழுத்தை பைட்டா மாத்துற முறை) 3 பைட், 18 பைட் ஆச்சு, ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தா மாறி 54 எழுத்து நீளமா போகும். இதை நீங்க கையால ஒட்டாதீங்க, ஃப்ளட்டர்ல விலாசத்தைக் கட்டித் தர்ற யூரி கிளாஸ்கிட்ட சொல்லையும் மத்த விவரத்தையும் தனித்தனியா குடுத்தீங்கன்னா அதுவே மாத்திக்கும். நீங்களும் ஒரு தடவை மாத்தி அதுவும் ஒரு தடவை மாத்துனா சதவீதக் குறியே திரும்ப மாறிப்போய் எதைத் தேடுனாலும் பூஜ்யம்தான் வரும், கோடுல பிழையும் காட்டாது.

இன்னொரு கள்ளத்தனம் "கொழுந்து"ல இருக்கு. அந்த "கொ" பாக்க ஒண்ணுதான், ஆனா கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடாவும் அதை எழுதலாம், கொம்பு தனியா கால் தனியான்னு ரெண்டு குறியீடாவும் எழுதலாம். ஒரு கீபோர்டு ஒரு மாதிரி அடிக்கும், பழைய ஃபைல்ல இருந்து காப்பி பண்ணது வேற மாதிரி இருக்கும், கண்ணுக்கு ஒரே சொல்லு கொம்பியூட்டருக்கு ரெண்டு சொல்லு, உங்க ஆப்புக்குள்ள சேமிச்சு வெச்ச சொல்லோட ஒப்பிட்டா பொருந்தாது. ஜாவாஸ்கிரிப்ட்ல நார்மலைஸ்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, டார்ட்ல அப்படி கைவசம் இல்ல, ஆனா தமிழுக்கு நாலே நாலு மாத்தம்தான் (ஒகர, ஓகார, ஔகாரக் குறி மூணும், தனி எழுத்தான "ஔ"வும்), நீங்களே எழுதிடலாம்.

எழுத்து சரியா போனாலும் காமன்ஸ்ல விவரம் எழுதினதுல பெரும்பகுதி இங்கிலீஷ்தான், அதனால தமிழ்ல கேட்டா கொஞ்சம்தான் வரும். இதுக்கு ஒரு அழகான குறுக்கு வழி விக்கிடேட்டா. அங்க ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நம்பர் இருக்கு, பல மொழிப் பேரும் அதுக்குள்ளயே இருக்கும். முதல் கேள்வில மொழி தமிழ்னு சொல்லி "யானை"யைக் கேட்டா கியூ 7378னு வரும், ரெண்டாவது கேள்வில காமன்ஸ்கிட்ட கியூ 7378ஐ சித்தரிக்கிற படமெல்லாம் தான்னு கேட்கலாம். மொழிப் பிரச்சினையே அத்து போச்சு. எல்லாப் படத்துக்கும் அந்த அடையாளம் போட்டிருக்க மாட்டாங்க, அதனால கொஞ்சமா வந்தா இங்கிலீஷ் சொல்லால இன்னொரு தடவை கேட்கிற மாதிரி வைங்க. நான்னா புள்ளக்காம்பரா அளவுக்கு இன்னும் சுருக்கமா ஒரு அட்டவணை வெச்சிடுவேன், "கொழுந்து"ன்னா "டீ ப்ளக்கிங் ஸ்ரீலங்கா"ன்னு அனுப்பு, "ஹட்டன்"னா பின்னால ஸ்ரீலங்கா சேர்த்து அனுப்பு (இல்லாட்டி லண்டன்ல இருக்குற ஹட்டன் கார்டன் நகைக்கடைத் தெரு வந்து நிக்கும்), இருநூறு முந்நூறு சொல்லுக்கு ஒரு பின்னேரம் உக்காந்தா முடிஞ்சிடும். பெரட்டுக் களம் (தோட்டத்துல காலைல வேலைக்கு ஆள் கூடுற இடம்), லயத்துக் காம்பரா (தோட்டத்து வரிசை வீட்டு அறை) மாதிரி சொல்லுக்கெல்லாம் உலக இன்டெக்ஸ்ல தேடுறதே வீண், நீங்களே போன்ல படம் எடுத்துப் போடுங்க.

இப்ப படத்தை இறக்குற கதைக்கு வருவோம், நம்ம பக்கம் ஆப் செத்துப் போறதுல பாதி இங்கதான். பதில்ல ரெண்டு விலாசம் வருதுன்னு சொன்னேன்ல, ஒண்ணு மூலப் படம், மத்தது 330 பிக்சல் சின்னது. புதுசா எழுதுறவங்க முதல்ல கண்ணுல பட்ட மூல விலாசத்தை எடுத்து கிரிட்ல போட்டுடுவாங்க. வீட்டு வைஃபைல டக்குன்னு வரும், சந்தோஷமா இருக்கும். மூலப் படம் ஒண்ணு சும்மா மூணு நாலு எம்பி, இருபது படம்னா 80 எம்பி, ரீலோட் போட்டு எண்ணி எண்ணி டேட்டா பாவிக்கிற ஆளுக்கு ஒரே ஒரு யானைல அன்னைய டேட்டா காலி. சின்னப் படம்னா இருபதும் சேர்ந்தே ஒரு எம்பிக்குள்ள அடங்கும்.

டேட்டாவோட முடியல, மெமரியும் இருக்கு. ஜேபெக் ஃபைல் நாலு எம்பின்னாலும் திரைல காட்ட விரிச்சா ஒவ்வொரு பிக்சலுக்கும் 4 பைட், 4000க்கு 3000 படம்னா 48 எம்பி. ஃப்ளட்டர் தானா வெச்சிருக்குற படக் கேஷோட அளவு 100 எம்பி, அதாவது ரெண்டு படத்துல நிரம்பிடும், மூணாவது வந்தா முதலாவதைத் தூக்கி எறியும், மேல ஸ்க்ரோல் பண்ணா திரும்ப முதல்ல இருந்து விரிக்கும், போன் சூடாகும், கடைசில ஆண்ட்ராய்டே ஆப்பை மூடிடும். படத்தை திரைல சின்னக் கட்டமாத்தானே காட்டுறேன்னு நினைக்காதீங்க, கட்டம் சின்னதா இருந்தாலும் விரிக்கிறது முழுசாத்தான் விரிக்கும், கேஷ்விட்த்னு ஒரு அளவு குடுத்து இந்த அகலத்துக்கு மேல விரிக்காதேன்னு சொன்னாத்தான் அடங்கும். 330 பிக்சல் படம்னா ஒரு எம்பில மூணு அடங்கும், கணக்குப் பாருங்க. பெரிய படத்தை, புள்ளை ஒண்ணைத் தொட்டுப் பெருசாக்குறப்ப மட்டும் எடுங்க, அப்பவும் மூலம் வேணாம், 960 அகலம் போதும். ஒரு தடவை இறக்குனதை போன்லயே வெச்சுக்க கேஷ்ட் நெட்வொர்க் இமேஜ்னு ஒரு பேக்கேஜ் இருக்கு, போடுங்க.

டைப் பண்ணப் பண்ண தேடுறது பாக்க ஜோரா இருக்கும், ஆனா "ய", "யா", "யான", "யானை"ன்னு நாலு கேள்வி போகும், முதல் மூணும் வீண். விரல் நின்னு அரை செகண்ட் கழிச்சு அனுப்புற மாதிரி வைக்கலாம், அதுக்கு டிபவுன்ஸ்னு சொல்லுவாங்க. எனக்குக் கேட்டா அதுவும் வேணாம், கீபோர்டுல இருக்குற தேடு பட்டனை அமுக்குனா மட்டும் அனுப்புங்க. ஏன்னா மலைக்குள்ள சிக்னல் ஏறி இறங்குறப்ப கேள்வி போன வரிசைல பதில் வராது, "பூனை"க்கான பதில் முக்கி முனகி வர்றதுக்குள்ள "யானை"க்கான பதில் வந்து காட்டி முடிச்சிருக்கும், பிறகு பூனை வந்து யானை மேல உக்காரும். பெட்டில யானைன்னு இருக்கு, கீழ பூனைங்க. இதுக்கு மருந்து ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு நம்பர் போடுறது, பதில் வர்றப்ப கடைசி நம்பரா இல்லன்னா அதைக் குப்பைல போடு. டைம் அவுட்டும் நீங்களே வைங்க, பதினஞ்சு செகண்ட் போதும், பிறகு "சிக்னல் இல்ல, திரும்பப் பாருங்க"ன்னு தமிழ்ல ஒரு வரியும் ஒரு பட்டனும். சுத்திக்கிட்டே இருக்குற வட்டத்தை மட்டும் காட்டிட்டு விட்டுடாதீங்க.

சாவி உள்ள ஏபிஐ எடுத்தீங்கன்னா சாவியை ஆப்புக்குள்ள வைக்காதீங்க. ஏபிகே ஃபைல்ங்குறது (ஆண்ட்ராய்ட் ஆப்பை போன்ல ஏத்துற ஃபைல்) ஒரு ஜிப் ஃபைல்தான், யாரும் பிரிச்சுப் பாக்கலாம், தனி ஃபைல்ல ஒளிச்சு வெச்சாலும் அது கூடவேதான் பொதியாகிப் போகும். நடுவுல சின்னதா ஒரு சர்வர் வெச்சு ஆப் அதுகிட்ட கேட்க, அது சாவியைப் போட்டு அங்கிட்டு கேட்கணும். காமன்ஸ்ல சாவியே இல்லாததால இந்தத் தலையிடி இல்ல.

புள்ளைங்க விஷயம் ஒண்ணு இருக்கு. கூகுள், பிக்ஸாபே மாதிரி இடத்துல பாதுகாப்பு வடிகட்டி இருக்கு, காமன்ஸ்ல அப்படி ஒண்ணு கிடையாது, அது கலைக்களஞ்சியத்துக்கான படக் கிடங்கு, மருத்துவப் படமும் இருக்கும் மத்ததும் இருக்கும். வடிகட்டி இருக்குற இடத்துலயும் நூத்துக்கு நூறு நம்ப முடியாது. அதனால நான் ஆப்பை ரெண்டாப் பிரிப்பேன்: வெளியில தேடுற பெட்டி டீச்சருக்கு, புள்ளைக்கு சேமிச்ச படம் மட்டும். டீச்சர் சிக்னல் இருக்குற இடத்துல, டவுன்ல பஸ்ஸுக்கு நிக்கிறப்பவோ என்னவோ, சொல்லைத் தேடி நல்ல படமா நாலு தொட்டு வெச்சா அது போன்ல இறங்கிடும், புள்ளைங்க திரைல டைப் பண்றது அந்தச் சேமிச்ச சொல்லுக்குள்ள மட்டும் தேடும். சிக்னல், டேட்டா, பூனை யானை குழப்பம், பாதுகாப்பு எல்லாம் ஒரே அடில தீருது, தேடுறதும் மின்னல் மாதிரி இருக்கும் ஏன்னா வெளியில எங்கயும் போகல. "இது சர்ச்சே இல்லையே"ன்னு யாராவது சொன்னா சொல்லிட்டுப் போகட்டும்.

இறக்கி வைக்கிறப்பவே எடுத்தவர் பேரு, உரிமத்தோட பேரு, மூலப் பக்கத்தோட விலாசம் மூணையும் படத்தோட சேர்த்து வைங்க. காமன்ஸ்ல பெரும்பாலான படம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல இருக்கு, இலவசம்தான் ஆனா பேரைச் சொல்லியே ஆகணும், சிசி ஜீரோ படத்துக்கும் பொதுச் சொத்தான படத்துக்கும் மட்டும் அந்தக் கட்டாயம் இல்ல. படத்துக்குக் கீழ பொடி எழுத்துல ஒரு வரி போட்டா போதும். கூகுள்ல கண்ணுல பட்ட படத்துக்கு இந்த உரிமை எதுவும் தானா கிடைக்காது, அதைத் தேடித் தர்றதுதான் கூகுள் வேலை, படம் வேற யாரோடதோ.

முடிச்சுட்டு டீச்சருக்கு அனுப்ப முதல் மூணு விஷயம் பாருங்க. எமுலேட்டர்ல (கொம்பியூட்டருக்குள்ள ஓடுற போலி போன்) நெட்வொர்க் வகையை எட்ஜ்னு மெதுவாக்கி ஒரு தடவை, ஃப்ளைட் மோட்ல ஒரு தடவை ஓட்டுங்க. அடுத்தது, டெபக்ல (நீங்க எழுதிச் சோதிக்கிறப்ப) ஓடுறப்ப இன்டர்நெட் அனுமதியை ஃப்ளட்டர் தன் தேவைக்காக தானே சேர்த்துக்கும், மத்தவங்களுக்குக் குடுக்குற ரிலீஸ் ஏபிகேல சேர்க்காது, மெயின் ஃபோல்டர்ல இருக்குற ஆண்ட்ராய்ட் மேனிஃபெஸ்ட்ல (ஆப்புக்கு என்ன அனுமதி வேணும்னு எழுதுற ஃபைல்) அந்த ஒரு வரியை நீங்க எழுதலன்னா உங்க மேசைல படம் படமா கொட்டின ஆப் டீச்சர் போன்ல ஒரு படமும் காட்டாது. விலாசமெல்லாம் எச்டிடிபிஎஸ்ல தொடங்குதான்னும் பாத்துக்குங்க, ஆண்ட்ராய்ட் 9ல இருந்து வெறும் எச்டிடிபியை போனே தடுக்கலாம், ஐபோனும் அப்படித்தான். இவ்வளவும் சரின்னா ஏபிகேயை வாட்ஸ்அப்ல அனுப்பிடலாம், டாக்குமென்ட்டா அனுப்புங்க.